செல்போனுக்குள் ஆயிரம் பீங்கான் துண்டுகள்: முடியைவிட மெல்லிய பீங்கான் தாள் எப்படித் தயாராகிறது? ஆரணிக்கு இதில் என்ன இருக்கிறது?

ஆரணி என்றதும் பட்டுச் சேலையும் அரிசியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பட்டு நெசவு நடக்கும் ஊர்களில் இப்போது அட்டை இல்லாத எலக்ட்ரானிக் ஜக்கார்டு பெட்டிகளும் வந்துவிட்டன. சேலையின் டிசைன் கம்ப்யூட்டரில் தயாராகிறது. எந்த இழை மேலே எழ வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு முடிவு செய்கிறது.

அப்படி ஒரு போர்டை உற்றுப் பார்த்தால், கடுகு அளவில் பழுப்பு நிறத் துண்டுகள் ஒட்டியிருப்பது தெரியும். இரண்டு முனைகளும் வெள்ளி நிறத்தில் மின்னும். நம் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனில் இதே போன்ற துண்டுகள், இன்னும் பொடியாக, சுமார் 1,000 இருக்கின்றன. மின்சார காரில் 10,000 வரைகூடத் தேவைப்படும். இதன் பெயர் பல அடுக்கு செராமிக் கெபாசிட்டர்.

செல்போன் ஏற்றுமதியில் தமிழ்நாடு முன்னணியில் இருக்கிறது. ஆனால் அந்த போனுக்குள் இருக்கும் இந்தத் துண்டுகளில் பெரும்பகுதி ஜப்பான், தென்கொரியா, தைவான், சீனா போன்ற இடங்களிலிருந்து வருகிறது. அரிசிமணியைவிடச் சின்ன ஒரு பொருளைச் செய்வதில் அப்படி என்ன கஷ்டம்?

கெபாசிட்டர் என்ன செய்கிறது?

வீட்டில் ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து, "கண்டென்சர் போயிடுச்சு" என்பாரே, அதுவும் ஒரு கெபாசிட்டர்தான். மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து, கேட்கும்போது சட்டென்று கொடுப்பது இதன் வேலை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி வைத்துக்கொள்ளலாம். போனின் சிப் ஒரு நொடியில் கோடிக்கணக்கான முறை மின்சாரத்தைக் கூட்டியும் குறைத்தும் கேட்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பக்கத்திலேயே இருந்து சமாளிக்க இந்தச் சின்னத் தொட்டிகள் வேண்டும். இவை இல்லாவிட்டால் சிப் தடுமாறும், போன் நின்றுவிடும்.

கெபாசிட்டரின் அமைப்பு எளிமையானது. இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு பொருள். நடுவில் இருக்கும் பொருள் எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ, அவ்வளவு அதிகமாக மின்னூட்டத்தைச் சேர்க்கலாம். தடிமன் பாதியானால் ஒரு அடுக்கின் கொள்ளளவு இரண்டு மடங்காகும். அதே உயரத்தில் இரண்டு மடங்கு அடுக்குகளும் அடங்கும். ஆக மொத்தம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு லாபம். இந்த ஒரு கணக்குதான் மெல்லிய பீங்கான் தாளுக்குப் பின்னால் பல நாடுகளை ஓட வைத்தது.

இன்று நல்ல கெபாசிட்டரில் ஒரு பீங்கான் அடுக்கின் தடிமன் சுமார் ஒரு மைக்ரான், சிலவற்றில் அதற்கும் கீழே. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியே 50 முதல் 100 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. அப்படிப்பட்ட அடுக்குகள் நூற்றுக்கணக்கில் ஒரு துண்டுக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

பீங்கானைத் தாளாக்குவது எப்படி?

பீங்கானை இரும்புத் தகடு போல உருளையில் கொடுத்து நசுக்க முடியாது. நொறுங்கிவிடும். சுட்ட பிறகு இழைத்து மெல்லிசாக்கலாம் என்றால் ஒரு மைக்ரானுக்கு வாய்ப்பே இல்லை. அதனால் சுடுவதற்கு முன்பே, கூழாக இருக்கும்போதே தாளாக ஊற்றிக் காயவைக்கிறார்கள். தொழிற்சாலை மொழியில் இதற்கு டேப் காஸ்டிங் என்று பெயர்.

சுடாத மண்பானையைத் தமிழில் பசுமட்கலம் என்பார்கள். சூளைக்குப் போகாத செங்கல் பச்சைச் செங்கல். சுடாத இந்தப் பீங்கான் தாளையும் ஆங்கிலத்தில் 'கிரீன் டேப்', அதாவது பச்சைத் தாள் என்றே சொல்கிறார்கள். நிறத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. தாள் பெரும்பாலும் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோதான் இருக்கும்.

கூழில் என்னென்ன சேர்கிறது?

முதலில் பீங்கான் பொடி. கெபாசிட்டருக்குப் பேரியம் டைட்டனேட். சர்க்யூட்டுக்கு அடியில் வைக்கும் தட்டு என்றால் அலுமினா. ஒரு மைக்ரான் தாளின் குறுக்கே சில பொடித்துகள்களாவது வரிசையாக நிற்க வேண்டும் என்பதால், துகளின் அளவு மைக்ரானில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது.

அடுத்தது கரைப்பான். டொலுவீன், ஆல்கஹால் போன்ற சீக்கிரம் ஆவியாகும் திரவங்கள் வழக்கமாகப் பயன்படுகின்றன. தண்ணீரிலும் செய்யலாம்.

மூன்றாவது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொருள். மென்ஹேடன் என்ற கடல்மீனின் எண்ணெய் இதற்குப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்திருக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் பொருளுக்குள் மீன் எண்ணெயா என்று கேட்கலாம். அந்த எண்ணெய் துகளைச் சுற்றி ஒரு மெல்லிய உறை மாதிரி நின்று, பக்கத்துத் துகளை நெருங்க விடாது.

நான்காவது பசை. துகள்களைப் பிடித்து வைக்கப் பாலிவினைல் பியூட்டிரல் என்ற பிளாஸ்டிக்கைச் சேர்க்கிறார்கள். கார் முன்கண்ணாடி உடைந்தாலும் சிதறாமல் இருக்கிறதே, அந்தக் கண்ணாடிக்கு நடுவில் இருப்பதும் இதே பிளாஸ்டிக்தான். ஐந்தாவது, அந்தப் பசை விறைத்துப் போகாமல் வளைந்து கொடுக்க ஒரு மென்மையாக்கி.

பசையும் மென்மையாக்கியும் ஏன் என்பது ஆரணிக்காரர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பட்டு நெசவில் பாவைத் தெருவில் நீட்டி அரிசிக் கஞ்சி போடுவது இதே காரணத்துக்காகத்தான். கஞ்சி குறைந்தால் இழை தறியில் பிரிந்து அறுந்துவிடும். கூடினால் விறைத்து ஒடியும். கஞ்சி கடைசிவரை துணியில் இருக்க வேண்டியதில்லை, நெசவு முடியும்வரை இழையைக் காப்பாற்றினால் போதும். பீங்கான் கூழில் இருக்கும் பசையும் அப்படித்தான். சூளையில் அது எரிந்து போய்விடும்.

இவை எல்லாவற்றையும் உருளும் ஜாடியில் கடினமான குண்டுகளோடு போட்டுப் பல மணி நேரம் அரைக்கிறார்கள். அரைத்த கூழை வெற்றிடத்தில் வைத்துக் காற்றுக் குமிழியை வெளியே எடுக்கிறார்கள். ஒரு குமிழி மிச்சமிருந்தாலும் தாளில் ஓட்டை விழும். ஓட்டை வழியாக இரண்டு உலோக அடுக்குகளும் தொட்டுக்கொண்டால் அந்த கெபாசிட்டர் காலி.

ஊற்றும் இடத்தில் என்ன நடக்கிறது?

சிலிக்கோன் பூசிய பாலியெஸ்டர் படலம் ஒன்று நீளமாக, நிதானமாக நகர்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக் வகைதான் அது. அதன்மேல் கூழ் இறங்கும். கூழுக்கு மேலே, படலத்தைத் தொடாமல், மிகக் குறைந்த இடைவெளி விட்டு ஒரு கத்தி நிற்கும். கூழ் அந்த இடைவெளி வழியாக மட்டும்தான் வெளியே வர முடியும் என்பதால் சீரான தடிமனில் பரவிவிடும். இந்தக் கத்திக்கு டாக்டர் பிளேடு என்று பெயர். ஒரு மைக்ரான் அளவுத் தாளுக்கு இப்போது கத்திக்குப் பதிலாக, மெல்லிய துவாரம் வழியாகக் கூழை அளந்து விடும் இயந்திரங்களும் பயன்படுகின்றன.

கூழின் பதமும் முக்கியம். கத்திக்கு அடியில் போகும்போது இளகி ஓட வேண்டும். வெளியே வந்ததும் அசையாமல் நிற்க வேண்டும். நல்ல பெயின்ட் பிரஷ்ஷில் இழுக்கும்போது வழுக்கிக்கொண்டு போய், சுவரில் ஒட்டியதும் வழியாமல் நிற்கிறதே, அந்த குணம். தண்ணியாக இருந்தால் ஓரம் வழியும். கெட்டியாக இருந்தால் கோடு விழும்.

காய்வதில்தான் சூட்சுமம்

ஊற்றிய தாள் நீளமான உலர்த்தும் அறைக்குள் போகிறது. கரைப்பான் போகப் போகத் தாள் இறங்கி, தடிமன் ஏறக்குறைய பாதியாகவோ அதற்குக் கீழோ குறைந்துவிடும்.

இங்கே அவசரப்பட்டால் எல்லாம் வீண். வடாம் பிழிந்து உச்சி வெயிலில் வைத்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், ஓரம் சுருண்டு வெடிக்கும். பீங்கான் தாளுக்கும் அதே கதிதான். மேல்பக்கம் முதலில் தோல் கட்டிவிட்டால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியே வர வழி தேடிக் குமிழியாகும். மேலும் கீழும் வேறு வேறு வேகத்தில் காய்ந்தால் தாள் சுருளும். இழுவிசை அதிகமானால் விரிசல் விடும். அதனால் அறையின் முதல் பகுதியில் சூடு குறைவாகவும், போகப் போகக் கொஞ்சம் கூடுதலாகவும் வைக்கிறார்கள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீச வேண்டும் என்பதற்குக்கூடக் கணக்கு உண்டு.

தொழிலாளர் பாதுகாப்பும் இங்கேதான் வருகிறது. டொலுவீன் ஆவி தலைவலி, தலைச்சுற்றலைக் கொடுக்கும், தீப்பிடிக்கும். அதை உறிஞ்சி எடுக்கும் வசதி இல்லாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது. தண்ணீரில் கரைத்துச் செய்தால் இந்தப் பிரச்சனை இல்லை. ஆனால் தண்ணீர் மெதுவாகக் காயும், விரிசல் விடும் வாய்ப்பும் அதிகம்.

தூசு இன்னொரு எதிரி. ஒரு மைக்ரான் தாளில் ஐந்து மைக்ரான் தூசு விழுந்தால், பாயில் பாறாங்கல் விழுந்த மாதிரி. அதனால் சிப் தயாரிப்பது போலவே சுத்தமான அறைகளில் இது நடக்கிறது.

அடுக்கி, வெட்டி, சுட்டு...

காய்ந்த தாள் மெல்லிய பிளாஸ்டிக் மாதிரி வளையும், வெட்டலாம், அதன்மேல் அச்சடிக்கலாம். சுட்ட பீங்கானில் இது எதுவும் நடக்காது. அதனால் வேலை எல்லாம் இந்தப் பச்சைப் பருவத்திலேயே முடிகிறது. தாள்மேல் நிக்கல் பசையால் உலோக அடுக்கை அச்சடித்து, நூற்றுக்கணக்கான தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அழுத்தி, பொடிப்பொடியாக வெட்டுகிறார்கள்.

பிறகு சூளை. முதலில் சூட்டை மெதுவாக ஏற்றிப் பசையை எரித்து வெளியேற்ற வேண்டும். சீக்கிரம் ஏற்றினால் உள்ளே வாயு கட்டி அடுக்குகள் உப்பிப் பிரியும். அதன்பிறகு 1,100 முதல் 1,300 டிகிரி செல்சியஸ் வரை. இந்தச் சூட்டில் பொடி உருகுவதில்லை. துகள்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இணைந்து, நடுவில் இருந்த இடைவெளி மூடிக்கொள்கிறது. சிண்டரிங் என்பது இதைத்தான். தாள் நீளத்திலும் அகலத்திலும் சுமார் 15 முதல் 20 சதவீதம் சுருங்கும். நிக்கலும் பீங்கானும் ஒரே நேரத்தில், ஒரே அளவு சுருங்க வேண்டும். காற்றில் சுட்டால் நிக்கல் துருப்பிடித்துப்போகும் என்பதால் ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் சுட வேண்டும்.

இத்தனையும் தாண்டி வரும் துண்டின் அளவு? முராட்டா நிறுவனம் 2024ல் அறிவித்த மிகச் சிறிய கெபாசிட்டர் 0.16 மில்லிமீட்டர் நீளம், 0.08 மில்லிமீட்டர் அகலம். தும்மினால் பறந்துவிடும்.

இந்தியாவின் மைக்காவும் ஒரு அமெரிக்கக் கண்டுபிடிப்பும்

இந்தத் தொழில்நுட்பம் பிறந்த கதையில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ரேடியோ காலத்தில் நல்ல கெபாசிட்டர் என்றால் நடுவில் மைக்கா. தமிழில் அப்பிரகம், காக்கைப்பொன் என்பார்கள். தாள் தாளாக உரியும் இந்தக் கனிமத்தில் உலகுக்கே முக்கிய சப்ளையர் இந்தியா. அன்றைய பீகாரின் கோடர்மா பகுதியிலிருந்தும், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தின் கூடூர் பக்கத்திலிருந்தும் மைக்கா கப்பலேறியது.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ ரேடியோவுக்கும் ரேடாருக்கும் மைக்கா தேவை எகிறியது. கடல் தாண்டி வரும் ஒரு கனிமத்தை நம்பியிருக்க முடியாது என்று அமெரிக்காவில் மாற்று தேடினார்கள். க்ளென் ஹோவாட் என்பவரின் குழு பீங்கான் கூழை மெல்லிய தாளாக ஊற்றும் முறையை உருவாக்கியது. 1947ல் இது பற்றிய கட்டுரை வெளியானது, 1952ல் காப்புரிமை கிடைத்தது. ஆரம்பத்தில் ஈரத்தை உறிஞ்சும் பிளாஸ்டர் பலகைமேல் ஊற்றினார்கள். நகரும் பிளாஸ்டிக் படலத்தில் ஊற்றும் முறைக்கு ஜான் பார்க் 1961ல் காப்புரிமை பெற்றார். இன்றைய இயந்திரங்களின் அடிப்படை அதுதான்.

மண்ணிலிருந்து வெட்டி அனுப்பிய பொருளுக்கு மாற்று வந்ததும், அந்தச் சந்தையில் இந்தியாவின் பிடி தளர்ந்தது. மாற்றைச் செய்யத் தெரிந்த நாடுகள் முன்னே போய்விட்டன.

அங்கேயும் ஒரு பட்டு ஊர்

இன்று உலகின் மிகப்பெரிய செராமிக் கெபாசிட்டர் நிறுவனம் முராட்டா. அகிரா முராட்டா 1944ல் இதைத் தொடங்கிய ஊர் ஜப்பானின் கியோட்டோ. ஆரணி மாதிரியே கியோட்டோவும் பட்டு நெசவுக்குப் பெயர்போனது. அங்குள்ள நிஷிஜின் பகுதியில்தான் ஜப்பானின் புகழ்பெற்ற பட்டு நெய்யப்படுகிறது. 1870களிலேயே பிரான்சிலிருந்து ஜக்கார்டு தறியைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதே ஊரில் மட்பாண்டத் தொழிலும் பல தலைமுறையாக உண்டு. முராட்டாவின் குடும்பமும் பீங்கான் தொழில் செய்தது. கியோட்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்சுரோ தனகாவோடு சேர்ந்து பேரியம் டைட்டனேட்டில் அந்த நிறுவனம் வேலை பார்த்தது. கியோசெரா என்ற இன்னொரு பெரிய செராமிக் நிறுவனமும் 1959ல் அதே ஊரில்தான் பிறந்தது. பெயரே கியோட்டோ செராமிக் என்பதன் சுருக்கம்.

கைத்தொழில் இருந்த ஊரில் தானாகவே எலக்ட்ரானிக்ஸ் முளைத்துவிடாது. மண்ணையும் சூளையையும் தெரிந்த குடும்பங்கள், பக்கத்திலேயே ஒரு பல்கலைக்கழகம், பல ஆண்டுப் பொறுமை, மூன்றும் அங்கே சேர்ந்தன.

தமிழ்நாடு இப்போது எங்கே இருக்கிறது?

2024-25ல் தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்தத்தில் சுமார் 41 சதவீதம். ஆனால் இதில் பெரும்பகுதி, வெளியிலிருந்து வரும் பாகங்களை இங்கே ஒன்று சேர்க்கும் வேலை.

பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும் என்று மத்திய அமைச்சரவை 2025 மார்ச் 28 அன்று ரூ.22,919 கோடியில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. கெபாசிட்டர், ரெசிஸ்டர் போன்றவையும் அதில் வருகின்றன. அதற்கு ஈடாக மாநிலப் பங்கும் தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அடுத்த மாதமே அறிவித்தது. ரூ.30,000 கோடி முதலீடு, 60,000 வேலைவாய்ப்பு என்பது அதன் இலக்கு.

முராட்டா நிறுவனமும் சென்னைக்கு அருகே ஒன்ஹப் தொழிற்பூங்காவில் இடம் குத்தகைக்கு எடுத்திருப்பதாக 2025 தொடக்கத்தில் செய்தி வந்தது. அங்கே நடக்கும் வேலை என்று சொல்லப்பட்டது கெபாசிட்டரை பேக் செய்வதும் அனுப்புவதும். தாள் ஊற்றுவது அதில் இல்லை.

இது ஏன் கவலை தர வேண்டும்? 2018ல் உலகம் முழுக்க இந்தக் கெபாசிட்டருக்குத் தட்டுப்பாடு வந்து விலை ஏறியது. 2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது முராட்டாவின் சில ஆலைகள் நிறுத்தப்பட்டன. அப்படி எங்கோ ஓர் உலர்த்தும் அறை நின்றால், ஸ்ரீபெரும்புதூர் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவரின் ஷிப்ட் வரை பாதிக்கும்.

இந்தியாவில் இந்தத் திறமையே இல்லையா என்றால், இருக்கிறது. புனேயில் உள்ள சி-மெட் ஆய்வகம், குறைந்த சூட்டில் சுடும் பீங்கான் தாள்களில் வேலை செய்கிறது. கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி, செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் எரிபொருள் செல்லுக்காகப் பீங்கான் தாள் ஊற்றுகிறது. ஆய்வகத்தில் பத்துத் தாள் நன்றாக வருவதும், தினமும் கிலோமீட்டர் கணக்கில் ஒரே தடிமனில் வருவதும் வேறு வேறு விஷயம். அந்த இரண்டாவதுதான் இன்னும் வர வேண்டியது.

ஆரணிப் பிள்ளைகளுக்கு இதில் வழி உண்டா?

தறியை விட்டுவிட்டு வேறு வேலை தேடும் நெசவாளர் குடும்பங்கள் ஆரணியில் இருக்கின்றன. பிள்ளைகளில் பலருக்கு முதலில் கண்ணில் படுவது கம்பெனி பஸ்ஸும் அசெம்பிளி லைனும்தான். அந்த வேலையைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். ஆள் மாற்றுவதும் அவ்வளவு சுலபம். கூழின் பதம், காயும் வேகம், சூளையின் சூடு தெரிந்தவரை அப்படி மாற்ற முடியாது.

இதைப் படிக்க வெளிநாடு போக வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, டிப்ளமோ படிக்கலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.சி. டெக் வளாகத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே தனித்துறை உள்ளது. இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் தீர்ந்த பிறகு பலரும் கண்ணெடுத்துப் பார்க்கும் பாடப்பிரிவு இது.

அரசு பணம் ஒதுக்கிவிட்டது. இயந்திரமும் காசு கொடுத்தால் வந்துவிடும். கூழைப் பார்த்ததும் பதம் சொல்லும் ஆட்களை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. கெபாசிட்டர் ஆலை தமிழ்நாட்டுக்கு வரும்போது அதற்குள் தாள் ஊற்றப்போகிறார்களா, பெட்டியில் போட்டு டேப் ஒட்டப்போகிறார்களா என்பதைத்தான் இனி வரும் அறிவிப்புகளில் கவனித்துப் படிக்க வேண்டும்.